கேளாமல் கைமாறும் அமானிதம்

நம் ஊர்களில் ஒருவர் மவுத்தாகிவிட்டால், ஜனாஸாத் தொழுகைக்காக மக்கள் வரிசையில் நிற்கும் வேளையில், மறைந்தவரின் வாரிசுகளுள் ஒருவர் முன்னே வந்து நிற்பார். "இவருக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பேற்கிறேன்" என்று அறிவிப்பார். துயரத்தால் தொண்டை அடைத்துப் பேச முடியாதவரும்கூட இந்த அறிவிப்பைச் செய்யாமல் விடுவதில்லை. அவரால் இயலாதபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர் சார்பில் சொல்வார். கடனோடு ஒருவரை மண்ணுக்குள் அனுப்புவது எத்துணைப் பாரமான காரியம் என்பதை நம் மக்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லவேண்டியதில்லை. மையித்தைக் கொண்டுவந்து வைத்ததும், இவர் மீது கடன் உண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்த செய்தியை அவர்கள் வழிவழியாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

ஒரு மனிதர் மறையும்போது இவ்வளவு கவனம் காட்டுகிறோம். இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கடன்பட்டிருக்கும் ஒரு வங்கி மறையும்போது என்ன நடக்கிறது?

எங்கள் கம்பைநல்லூர் பழைய தகடூர் நாட்டைச் சேர்ந்தது. தகடூர் என்றால் அதியமான் நெடுமான் அஞ்சி. அதியமான் என்றால் ஔவைக்கு அவன் ஈந்த நெல்லிக்கனி. அந்த வள்ளலின் பெயரால் தர்மபுரி மாவட்டத்துக்கென்று ஒரு வங்கி இருந்தது. அதியமான் கிராம வங்கி என்பது அதன் பெயர். 2006-ஆம் ஆண்டில் அதையும் கடலூர்ப் பகுதியின் வள்ளலார் கிராம வங்கியையும் ஒன்றாக்கிப் பல்லவன் கிராம வங்கி என்று பெயரிட்டனர். தலைமையகம் சேலத்தில் அமைந்தது. 2019 ஏப்ரல் முதல் நாளன்று பல்லவனையும் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கியையும் ஒன்றாக்கித் தமிழ்நாடு கிராம வங்கி ஆக்கினர். பதின்மூன்று ஆண்டுக்குள் அதியமான் பல்லவனிடமும், பல்லவன் பாண்டியனோடும் சேர்ந்து, மூன்று பெயர்களும் மறைந்தன. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தர்மபுரி. அம்மாவட்டத்தின் பெயர் சொல்லும் வங்கியின் தலைமை நாற்பதாண்டு கழித்துச் சேலத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பெயர் போனதற்காக அழுகிறோம் என்று எண்ணவேண்டாம். கேட்பது ஒன்றே: இந்த இரண்டு முறையும் அவ்வங்கியில் பணம் போட்டிருந்தவர்களில் எவரிடமாவது, "உங்கள் பணத்துக்கு இனி இவர் பொறுப்பு; உமக்குச் சம்மதமா?" என்று கேட்கவேண்டும் எனச் சட்டம் சொல்லிற்றா? சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. வங்கிகள் இணைந்து வளர்வதைப் பாராட்டி எழுதுவோர் பலர். அப்பாராட்டுரைகளில் இந்த ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகிறது.

பாராட்டுவோர் கூற்று

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துவைப்போம். சிறிய வங்கி ஆபத்தானது என்பர். அது பொய்யன்று. 1906-ல் சென்னையின் அர்புத்நாட் நிறுவனம் முறிந்தபோது தென்னாட்டில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. அந்தக் கொடுமையைக் கண்ட பிறகுதான், நம்மவர்க்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்க் பிறந்தது. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்க் வீழ்ந்தது. அதன்பின் ரிசர்வ் வங்கி தளர்ந்த வங்கிகளை வலுவுள்ளவற்றோடு சேர்க்கும் அதிகாரத்தைப் பெற்றுத் தாராளமாகப் பயன்படுத்திற்று. 1990-ல் பாங்க் ஆஃப் தஞ்சாவூர் இந்தியன் பாங்கோடும், பாங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் பாங்கோடும் சேர்க்கப்பட்டன. கருமுத்து தியாகராசர் 1943-ல் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியில் கலந்தது. கரூர் வணிகர்கள் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பாங்க் 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளையமைப்பில் சேர்க்கப்பட்டது. இவற்றில் பணம் போட்டவர்களுக்கு அசல் போயிற்றா? போகவில்லை. முறிந்து கிடக்கும் வங்கியின் வாசலில் நின்று கதறுவதைவிட, வேறு பெயர்ப்பலகை மாட்டிய வங்கியில் முழுப்பணத்தையும் பெறுவது மேலன்றோ? ஆம், மேல்தான். இதை மறுப்பவன் அறிவிலி.

ஆனால் மூழ்குகிறவனைக் கரையேற்றுவதற்காகச் சொன்ன நியாயத்தை, நன்றாக நீந்திக்கொண்டிருப்பவனுக்கும் எடுத்துச் சொல்வது எந்த நியாயம்? மேலே சொன்ன இணைப்புகளுள் சில ஆபத்துக் காலத்தவை. அவற்றைக் காட்டி எல்லா இணைப்புகளுக்கும் வக்காலத்து வாங்குகிறார்கள். 2017-ல் இருபத்தேழாக இருந்த பொதுத்துறை வங்கிகள், பெரும்பாலும் இணைப்புகளின் விளைவாக, 2020-ல் பன்னிரண்டாயின. 196 வரை பெருகியிருந்த வட்டாரக் கிராம வங்கிகள், மாநிலத்துக்கு ஒன்று என்ற கொள்கையால், 2025 மே முதல் நாளன்று 28 ஆகக் குறைந்தன. இவையனைத்தும் மூழ்கிக்கொண்டிருந்தனவா? பெரியதாக இருந்தால் உலகச் சந்தையில் மதிப்பு, கணினிச் செலவில் சிக்கனம், பெரிய தொழில்களுக்குப் பெருங்கடன் கொடுக்கும் வலிமை என்பவையே இணைப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவை காரணங்களே. எனினும் அவை வங்கியின் காரணங்கள்; பணம் போட்டவனின் காரணங்கள் அல்ல.

ஸ்பெயின் தரும் பாடம்

இணைப்பினால் ஒரு வங்கி எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு உலகில் எடுத்துக்காட்டுத் தேடுவோர் ஸ்பெயினுக்குச் செல்வர். ஸ்பெயின் என்றதும் நம் நெஞ்சம் குர்துபாவின் பள்ளிவாசலுக்கும் கிரனாடாவின் அல்ஹம்ராவுக்கும் பறந்துவிடும். நாம் காணவேண்டியது அதன் வடகடற்கரையில் உள்ள சாந்தாந்தேர் என்னும் துறைமுக நகரம். அவ்வூர் வணிகர்கள் தங்கள் கடல் வாணிபத்துக்காக 1857-ல் ஒரு வங்கியைத் தொடங்கினர். ஊரின் பெயரே வங்கியின் பெயர். நூறாண்டுக்கும் மேலாக அது நடுத்தரமான வங்கியாகவே இருந்தது. 1994-ல் தடுமாறிக்கொண்டிருந்த பனெஸ்தோ வங்கியை வாங்கிற்று. 1999-ல் சென்ட்ரல் இஸ்பானோவோடு இணைந்தது. அந்தச் சென்ட்ரல் இஸ்பானோவும் இரு பெருவங்கிகள் 1991-ல் சேர்ந்து உண்டானதே. 2004-ல் இங்கிலாந்தின் ஆபி நேஷனலை வாங்கிற்று. பிரேசிலிலும் அமெரிக்காவிலும் வங்கிகளை வாங்கிற்று. 2017 ஜூனில் பாப்புலர் என்னும் பழைய ஸ்பானிய வங்கி தளர்ந்து விழுந்தபோது, அதை ஒரே ஒரு யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. பணம் போட்டவர்கள் காப்பாற்றப்பட்டனர். பங்கு வாங்கியிருந்தவர்களின் முதல் முழுதும் போயிற்று. லட்சுமி விலாஸ் பாங்கின் பங்குதாரர்களுக்கு மூன்றாண்டு கழித்து நேர்ந்ததும் அதுவே.

இந்த வளர்ச்சியைக் கண்டு வியப்பவர்கள் அந்நாட்டின் மறுபக்கத்தையும் காணவேண்டும். 2008-ன் பொருளாதார நெருக்கடிக்கு முன் ஸ்பெயினில் ஊருக்கும் வட்டாரத்துக்கும் உரிய சேமிப்பு நிலையங்கள் 45 இருந்தன. அவற்றுட் பல தவறான கடன்களால் சீரழிந்தன என்பது உண்மை. இணைத்து இணைத்துச் சில ஆண்டுகளில் அவற்றை விரல்விட்டு எண்ணத்தக்கவை ஆக்கினர். கிளைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. இயந்திரமும் கைப்பேசியும் பார்த்துக்கொள்ளும் என்றனர். 2022-ல் வாலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான், தாம் முதியவரேயன்றி மூடர் அல்லர் என்ற முழக்கத்தோடு, வங்கிகளில் மனிதர் முகம் வேண்டும் எனக் கேட்டு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி அரசிடம் கொடுத்தார். வளர்ந்த நாட்டின் கதியே இதுவென்றால், கைநாட்டு வைக்கும் கிழவியர் இன்னும் வாழும் நம் ஊர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கிராம வங்கிகள் 1975-ல் எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டன என்பதையும் நினைவுகூர்வோம். பெரிய வணிக வங்கிகளிடம் பணம் இருந்தது; கிராமத்தின் மொழி தெரியவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிராமம் தெரிந்தது. பணமும் திறனும் போதவில்லை. இரண்டின் நன்மையையும் ஒரு சில மாவட்டங்களின் எல்லைக்குள் சேர்த்துத் தருவதே கிராம வங்கியின் நோக்கம். புளி எந்த மாதத்தில் விற்பனைக்கு வரும், மாமரம் எந்த ஆண்டில் பொய்க்கும், தென்பெண்ணையில் நீர் குறைந்தால் எந்தப் பக்கத்து விவசாயி தவணை கட்ட முடியாமல் தவிப்பான் என்பதை அறிந்தவன் கடனை முடிவு செய்யவேண்டும் என்பதே அதன் உட்பொருள். கடலூரின் கரும்பையும் விருதுநகரின் தீப்பெட்டியையும் தர்மபுரியின் மாம்பழத்தையும் ஒரே மேசையில் வைத்து ஒரே விதியால் அளக்கத் தொடங்கியபின் அந்த உட்பொருள் எங்கே நிற்கும்?

இதில் நாமும் வெறும் இரை மட்டும் அல்லர் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. 1865-ல் பிறந்த அலகாபாத் பாங்க், 2020 ஏப்ரலில் நம் சென்னை இந்தியன் பாங்கில் கலந்து பெயரிழந்தது. கங்கைக் கரைக் குடியானவன் ஒருவன் தன் பாட்டன் காலத்து வங்கி எங்கே என்று தேடுவானாயின், அவனுக்கு விடை சொல்லவேண்டிய தலைமையகம் இன்று சென்னையில் இருக்கிறது. அவன் குறையும் நம் குறையும் ஒன்றே.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வங்கியில் போடும் பணத்தை நம் மக்கள் அமானிதம் என்கிறார்கள். ஃபிக்ஹுச் சட்டப்படி நுணுகி நோக்கினால் அது கடன். கொடுத்த பொருளைத் தொடாமல் வைத்திருந்து திருப்பித் தந்தால் அது அமானிதம். பெற்ற பணத்தைத் தன் பணத்தோடு கலந்து செலவிட்டு, வேறு பணம் தருவதாயின் அது கடன். இந்தியச் சட்டமும் வங்கியைக் கடனாளி என்றும், பணம் போட்டவரைக் கடன் கொடுத்தவர் என்றுமே கருதுகிறது. ஆகவே நம் கையிலுள்ள கணக்குப் புத்தகம் ஒரு கடன் பத்திரம். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுத்தில் பதிவதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை நினைத்தால், அந்தப் பத்திரத்தின் கண்ணியம் விளங்கும்.

ஒரு கடனாளி தன் கடனை மற்றொருவன் தலைக்கு மாற்றுவதற்கு ஃபிக்ஹில் ஹவாலா என்று பெயர். இச்சொல் இந்நாளில் கள்ளப்பணக் கைமாற்றுக்கு வழங்கிக் கெட்டுப்போயிற்று. மூலத்தில் அது தூய சட்டச் சொல். "உமக்கு நான் தரவேண்டிய ஆயிரம் ரூபாயை இனி இன்னார் தருவார்" என்று கடனாளி சொன்னால், அது எப்போது செல்லும்? தமிழகத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரண்டு மத்ஹபுகளிலும் கடன் கொடுத்தவரின் சம்மதம் அதற்கு நிபந்தனை. காரணம் தெளிவு. மனிதர்கள் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். நான் ஒருவரின் நாணயத்தை நம்பிக் கடன் கொடுத்தேன். இன்னொருவர் அவரினும் பெருஞ்செல்வராக இருக்கலாம், ஆனால் நான் நம்பியவர் அவரல்லர். தொகை மாறவில்லை என்பது மட்டும் போதாது. ஆள் மாறினால் கேட்கவேண்டும். செல்வத்தின் அளவைக் காட்டி இந்தச் சம்மதத்தைத் தள்ளிவிட இவ்விரு மத்ஹபுகளும் இடம் தரவில்லை.

இங்கே ஒருவர் மறுப்புக் கூறலாம். "இணைப்பு என்பது கடனை மாற்றுவதன்று, பழைய வங்கி இறந்து, புதிய வங்கி வாரிசாகிறது. தந்தை இறந்தால் அவர் கடனுக்குக் கடன் கொடுத்தவரின் சம்மதத்தையா கேட்கிறோம்?" என்பார். கூர்மையான மறுப்புத்தான். விடை கேளுங்கள். மனிதனின் மரணம் அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு எவரிடமும் சம்மதம் பெற இயலாது. வங்கியின் மரணமோ சில மனிதர்கள் அறையில் அமர்ந்து நாள் குறித்து எடுத்த முடிவு. கேட்க நேரமும் இருந்தது. கேட்கப்படவேண்டியவர்களின் விலாசமும் கையில் இருந்தது. அது மட்டுமா? மனிதன் மறைந்தாலும் அவன் விட்டுச்சென்ற சொத்தில் வாரிசுகள் கைவைக்குமுன் கடன் அடைபடவேண்டும் என்பதே மார்க்கத்தின் வரிசை முறை. அதனாலன்றோ வாரிசு ஜனாஸாவின் முன் நின்று அறிவிக்கிறான்! வாரிசு என்ற பெயரை விரும்புகிற வங்கி, வாரிசின் கடமையையும் ஏற்கட்டும்.

ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். மக்காவின் குறைஷிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் உயிரைக் குறிவைத்திருந்தனர். அந்த மக்காவாசிகளின் பொருள்களே அமானிதமாக அவர்களிடம் இருந்தன. ஊரை விட்டுப் போகும் அந்த நெருக்கடியிலும், உரியவரிடம் உரியதை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் வரும்படி அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். யாரிடமும் சொல்லாமல், "மதீனாவில் வந்து பெற்றுக்கொள்ளட்டும்" என்று விட்டிருக்கலாம், விடவில்லை. பகைவனாயினும் பொருளுக்கு உரியவன் உரியவனே. இடம் மாறுகிறவர், உரியவரின் வாசல் வரை சென்று பொறுப்பை முடிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

யாரைக் கேட்கிறது சட்டம்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தனியார் வங்கிகள் இரண்டு தாமாகவே இணைவதாயின், வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பங்குதாரர்களைக் கேட்கச் சொல்கிறது. கூட்டத்தில் கலந்துகொண்டு வாக்களிப்போருள் மதிப்பால் மூன்றில் இரு பங்கினர் சம்மதிக்கவேண்டும். எதிர்த்து வாக்களித்த பங்குதாரர், தன் பங்கின் மதிப்பைப் பெற்றுக்கொண்டு விலகும் உரிமையும் பெற்றிருக்கிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் போட்டவர்? வங்கியின் பணத்தில் பெரும்பகுதி அவருடையது. அவருக்கு வாக்கும் இல்லை, விலகும் சலுகையும் இல்லை. கிராம வங்கிகளை இணைக்கும்போது, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மத்திய அரசு நபார்டையும் மாநில அரசையும் ஆதரவு வங்கியையும் கலந்தாலோசிக்கவேண்டும். அந்தப் பட்டியலில் கம்பைநல்லூர்க் குடியானவனுக்கு இடமில்லை.

தளர்ந்த வங்கிகளைப் பொறுத்தவரை அவசரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அந்த அவசரத்தின் அளவைக் காணுங்கள். லட்சுமி விலாஸ் பாங்கின் இணைப்புக்கான வரைவுத் திட்டம் 2020 நவம்பர் 17-ல் வெளியிடப்பட்டது. மறுப்பும் யோசனையும் சொல்ல நவம்பர் 20 மாலை 5 மணி வரை நேரம் தரப்பட்டது. 27-ஆம் நாள் இணைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்ந்த வங்கியைப் பற்றிக் கருத்துச் சொல்ல மூன்றே நாள்! கிராமத்தில் ஒருவர் நாளிதழில் செய்தியைப் படித்து, புரிந்தவரிடம் விளக்கம் கேட்டு, மனு எழுதுவதற்குள் வாயில் அடைபட்டுவிட்டது.

"அவசரத்தில் வேறென்ன செய்வது, உலகமெங்கும் இப்படித்தான்" என்போர்க்கு மீண்டும் ஸ்பெயினே விடை தருகிறது. 2024-ல் பிபிவிஏ என்ற பெருவங்கி, கத்தலூன்யாவின் சபதேல் வங்கியை அதன் நிர்வாகம் விரும்பாதபோதும் வாங்க முனைந்தது. சபதேல், 1881-ல் தன் ஊர்ப் பெயராலேயே தோன்றிய வங்கி. ஸ்பெயின் அரசு 2025 மே மாதத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நிறுவனங்கள் மட்டுமன்றி எந்தக் குடிமகனும் பதில் எழுதலாம் என்றது. பின்னர், வாங்கினாலும் மூன்றாண்டுக்கு இரு வங்கிகளும் தனித்தனி நிர்வாகமாகவே இருக்கவேண்டும் என நிபந்தனை விதித்தது. 2025 அக்டோபரில், போதிய பங்குதாரர் இசையாமையால் அம்முயற்சியே தோற்றது. அந்த அரசின் முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. கேட்க முடியும் என்பதற்கு அது சாட்சி. கேட்டதனால் அந்நாட்டு வானம் இடிந்து விழவில்லை.

"பிடிக்காவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போகவேண்டியதுதானே; யார் தடுத்தது?" என்று கடைசியாகக் கேட்பார்கள். ஐந்தாண்டுக்கென்று போட்ட பணத்தை இடையில் எடுத்தால் வருவாய் குறையும். மகளின் நகை வங்கிப் பெட்டகத்தில் அடகில் இருக்கும். கடன் தீராமல் அது வெளியே வராது. ஓய்வூதியமும் பிள்ளைகளின் உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் வரும். பத்துக் கல் தொலைவுக்குள் வேறு வங்கி இருந்தால் அது ஊரின் அதிர்ஷ்டம். லட்சுமி விலாஸ் பாங்க் விவகாரத்திலோ, இணைப்பு அறிவிப்போடு சேர்த்தே, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்ற தடையும் வந்தது. வாயிலைச் சாத்திவிட்டு, போகவேண்டியதுதானே என்பது எந்த ஊர் வழக்கு?

நம் வீட்டுக் கணக்கு

"இதெல்லாம் வட்டித் தொழில் செய்வோரின் தகராறு, நமக்கென்ன?" என்று ஒதுங்கும் நல்லவர்கள் நம்முள் இருக்கிறார்கள். வட்டி ஹராம் என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் சம்பளமும், ஹஜ்ஜுக்குச் சேர்க்கும் பணமும், பள்ளிவாசல் கணக்கும், வக்ஃபுக் கடைகளின் வாடகையும் வங்கியில்தானே கிடக்கின்றன? வட்டியைத் தொடாதவரும் அசலின் உரிமையாளரே. ஒதுங்கியிருந்ததனால் நாம் அடைந்தது என்ன? முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைச் சில வங்கிகள் கடன் கொடுக்க உகாத பகுதிகளாக ஒதுக்கி வைத்திருப்பதை, 2006-ல் வந்த சச்சார் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அருகில் இருந்த வங்கிகளிடமே இந்த மதிப்பு என்றால், தொலைவில் இருந்து வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யும் பெருவங்கியிடம் எந்த மதிப்பை எதிர்பார்ப்பது?

இதனினும் நெருங்கிய ஆபத்து நம் வாரிசுரிமையில் இருக்கிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கம்பைநல்லூரில் புளி வாணிபம் செய்த அத்தா ஒருவர் முப்பதாண்டுக்கு முன் ஒரு வங்கியில் சிறிது பணம் போட்டார். பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அத்தா மறைந்தார். இரும்புப் பெட்டியைத் திறந்தால், இன்று எந்தத் தெருவிலும் பலகையில்லாத ஒரு பெயர் பொறித்த கணக்குப் புத்தகம் கிடைக்கிறது. கணக்கு எண்ணும் பழையது, கிளையின் குறியீடும் பழையது. பழைய பேப்பரோடு பேப்பராக அதைக் கட்டிப் போட்டுவிட்டால்? மனைவிக்குரிய எட்டில் ஒரு பங்கும், மகளுக்குரிய பங்கும் அதனுள் கிடக்கின்றன. திருமறை அளவு குறித்துக் கொடுத்த உரிமை, ஒரு பெயர்மாற்றத்தால் மறைந்துபோகிறது.

பத்தாண்டு எவரும் கேட்காத வைப்புகள் ரிசர்வ் வங்கி 2014-ல் அமைத்த நிதிக்குப் போய்விடுகின்றன. போனாலும் உரிமை அழிவதில்லை; வாரிசு எப்போது வந்து கேட்டாலும் வங்கி கொடுக்கவேண்டும். அவ்வாறு கிடக்கும் பணத்தைப் பல வங்கிகளில் ஒருசேரத் தேடுவதற்கு உத்கம் என்ற இணையதளத்தையும் 2023-ல் ரிசர்வ் வங்கி திறந்திருக்கிறது. ஆனால் தேடுவதற்கு முன், தேடவேண்டிய ஒன்று இருப்பதே தெரியவேண்டும் அல்லவா? மறைந்த வங்கியின் பெயர்ப் புத்தகம் இன்ன வங்கியில் செல்லும் என்று யார் வந்து சொன்னார்கள்?

இதில் நம் குற்றமும் உண்டு. வாரிசு நியமனப் படிவத்தை நிரப்பாமல் விடுகிறோம். நிரப்பினாலும், நியமனம் பெற்றவரே முழு உரிமையாளர் என்று எண்ணி மற்றப் பங்காளிகளை மறந்துவிடுகிறோம். நாட்டின் சட்டத்திலும் நியமனம் பெற்றவர் வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே. மார்க்கத்தில் அவர் அமீன். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் தளர்ந்திருக்கிறது. கணக்கு விவரத்தை மனைவியிடம்கூடச் சொல்லாத ஆண்கள் இருக்கும்வரை எந்தச் சட்டம் தளர்ந்தும் பயனில்லை. எங்கெங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காத மனிதன், தன் ஜனாஸாவில் மகன் சொல்லப்போகும் வாக்குக்குப் பொருள் இல்லாமல் செய்துவிடுகிறான்.

என்ன வேண்டும்?

இணைப்பே கூடாது என்று நாம் கூறவில்லை. கேட்பவை நான்கு. முதலாவது, ஆபத்துக் காலம் நீங்கலாக, எந்த வங்கி இணைவதற்கு முன்னும், பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் அவர் மொழியில் தனிக்கடிதம் போகவேண்டும். முடிவுக்குப் பின்னர் அன்று, முன்னர். இரண்டாவது, புதிய வங்கியை விரும்பாதவர் ஆறு மாதத்துக்குள் எவ்வித இழப்புமின்றித் தன் வைப்பை எடுத்துச் செல்லும் உரிமை வேண்டும். எதிர்த்து வாக்களித்த பங்குதாரருக்கு இருக்கும் உரிமை, பணம் போட்ட விதவைக்கு ஏன் கூடாது? மூன்றாவது, இணைந்த வங்கியின் ஒவ்வொரு கிளையிலும், அதில் கலந்த பழைய வங்கிகளின் பெயர்கள் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்படவேண்டும். பழைய புத்தகத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் தேடிக் கொடுக்க ஓர் ஊழியர் பொறுப்பேற்கவேண்டும். நான்காவது, நகைக்கடனும் பயிர்க்கடனும் போன்ற சிறு கடன்களின் முடிவு மாவட்டத்தை விட்டு வெளியே போகலாகாது.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியதும் உண்டு. அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். எந்தப் பழைய வங்கி இன்று எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விவரத்தை, பிறை அறிவிப்பும் சந்தாப் பட்டியலும் ஒட்டும் அதே பலகையில் ஒட்டி வைக்கலாம். ஜும்ஆ முடிந்தபின் ஒருமுறை எடுத்துச் சொல்லலாம். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போதே கணக்குப் புத்தகங்களையும் நியமனப் படிவங்களையும் எடுத்துப் பார்க்கும்படி ஒவ்வொரு வீட்டையும் தூண்டலாம். படித்த இளைஞர் இருவர் வாரம் ஒரு மாலை மத்ரஸாவில் அமர்ந்தால், முஹல்லாவின் விதவைகளுக்கு எத்தனையோ பழைய புத்தகங்களின் முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கலாம். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் அந்த மாலை உதவட்டும். அதியமான் பெயர் கொண்ட வங்கி எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருந்தது?

வங்கிகள் இன்னும் இணையும், இன்னும் வளரும். நாளை தமிழ்நாடு கிராம வங்கியின் பெயரும் மாறலாம், பன்னிரண்டு, ஐந்தாகலாம். தடுக்க நம் கையில் வலிமை இல்லாமல் போகலாம். ஆனால் கேட்கும் உரிமையை நாமே கைவிடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏழைக் கூலிக்காரன் ஒருவன் மறைந்தால், நூறு ரூபாய்க் கடனுக்கும் அவன் மகன் மக்கள் முன் வந்து நின்று பொறுப்பேற்கிறான். கோடிக்கணக்கில் கடன்பட்ட பெருவங்கியிடம் அந்தக் கூலிக்காரன் மகன் காட்டிய மரியாதையையாவது எதிர்பார்ப்பது, பேராசையாகுமோ?